கானாடுகாத்தான் அரண்மனையின் ராஜா எந்த வம்சம்?

மேலூர்க்காரன்: கல்யாணத்துக்குக் காரைக்குடி போன இடத்தில் கானாடுகாத்தானையும் எட்டிப் பார்த்தோம். செட்டிநாடு அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்த்தோம், அதுவே பிரமிப்பாக இருந்தது. மதுரையில் நாயக்கர், ராமநாதபுரத்தில் சேதுபதி, சரி. இந்த ராஜா யார்? ஒரு குடும்பத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு?

பள்ளத்தூர் பேத்தி: அரச வம்சம் இல்லை அண்ணே, நகரத்தார், லேவாதேவிக் குடும்பம். அண்ணாமலை செட்டியார் வீட்டைக் கட்டி முடித்தது 1912இல், வெள்ளைக்காரர்கள் அவருக்கு ராஜா பட்டம் கொடுத்தது 1929இல். அதே வருஷம்தான் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும். நம்ம மதுரை ராஜா முத்தையா மன்றம் அவர் மகன் பெயரில் இருக்கிறது.

பெரிய வீடு எதற்கென்றால், எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைத்து’விடுவார்கள். அதே வீடுதான், ஆனால் அவனுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. முகப்பில் ஆண்கள் வரவுசெலவு பார்ப்பார்கள், உள்ளே போனால் வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். ஆண்கள் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்காகப் பர்மா, மலேயா என்று மூன்று வருஷக் கணக்கில் போய்விடுவார்கள், அத்தனை நாளும் வீட்டையும் கோயில் முறையையும் கட்டிக் காத்தது ஆச்சிமார்தான், அதை யாரும் எழுதுவதே இல்லை.

வைகைக்கரை: அந்தத் தேக்குத் தூண்களைப் பார்த்து வியக்கும்போது பர்மா விவசாயியையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1930இல் நெல் விலை விழுந்ததும் அடமான நிலமெல்லாம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது, சில வருஷத்தில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்களிடம். அவர்கள் கேட்டது நிலமில்லை, பணம்தான், இருந்தாலும் உழுதவனுக்கு நிலம் போனது போனதுதான். அப்புறம் 1942இல் ஜப்பான்காரன் வந்தான், போர் முடிந்து பர்மா சுதந்திரமடைந்ததும் நிலம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது.

பள்ளத்தூர் பேத்தி: நீங்கள் சொல்வது நியாயம்தான் ஐயா. வருமானம் நின்றதும் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பங்காளிகள் பெருகி, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஓடு மாற்றவே முடியும் என்கிற நிலை. அப்படிப் பிரித்து விற்ற வீடுகளின் தூணும் கதவும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் நிற்கின்றன.

மேலூர்க்காரன்: ரொம்ப நன்றி தங்கச்சி. வளவை உள்ளே போய்ப் பார்க்க வழி உண்டா?

பள்ளத்தூர் பேத்தி: அரண்மனை இன்னும் அவர்கள் குடும்பத்துச் சொத்து, அதை விடுங்கள். கானாடுகாத்தானிலேயே சில பழைய வீடுகளை ஓட்டலாக நடத்துகிறார்கள், அங்கே கேட்டுப் பாருங்கள். ஆத்தங்குடியும் பக்கம்தான், தரையில் பதிக்கும் பூக்கல்லைக் கையால் வார்ப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.