கேட் ஜட்ஜ்: நடுவரா, கங்காணியா, சாட்சியா?

நண்பர்களுக்கு வணக்கம். பனிச்சறுக்குப் பந்தயத்தில் இரண்டு கம்பங்கள் சேர்ந்தது ஒரு கேட். வீரர் அதைச் சரியாகத் தாண்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர் கேட் ஜட்ஜ். அவரைத் தமிழில் எப்படி அழைப்பது என்று இந்த இழையில் பேசிவருகிறோம். ஒருவர் கேட்டிருந்தார்:

> "வாயில் நடுவர்" போதுமே. ஒரு சொல்லுக்கு எதற்கு மூன்று நாள் விவாதம்?

போதாது என்று தோன்றுவதால்தான் நான்காவது நாளும் எழுதுகிறேன். 'வாயில்' மீதும் எனக்குக் குறை உண்டு, 'நடுவர்' மீதும் உண்டு. பெரிய குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீலகிரியில், வெலிங்டனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். குல்மார்கில் ராணுவத்தின் பள்ளியில் பனிச்சறுக்குப் பழகியவர். அங்கே ஒரு ஸ்லாலம் பந்தயத்தில், அதாவது கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பந்தயத்தில், கேட் ஜட்ஜாக நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "அண்ணா, அங்கே நீங்க என்ன தீர்ப்பு சொன்னீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"தீர்ப்பா? எனக்குக் கொடுத்தது நாலு கேட், ஒரு அட்டை, ஒரு பென்சில். பேனாவை அங்கே நம்ப முடியாது, மை உறைஞ்சிடும்."

அப்புறம் தட்டில் இருந்த வர்க்கி இரண்டை எடுத்து மேசையில் எட்ட எட்ட வைத்தார். அவைதான் கம்பங்கள். இரண்டு விரல்கள்தான் ஸ்கீ, காலில் மாட்டும் சறுக்குப் பலகைகள். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே இருப்பதாக நினைத்துக்கொள்ளும் கோட்டை இரண்டு ஸ்கீயின் முனைகளும் இரண்டு பாதங்களும் தாண்ட வேண்டும். ஒரு விரலை மட்டும் வர்க்கிக்கு வெளியே விட்டுக் காட்டினார். "இப்படிப் போனா தப்பு. உடனே அட்டையில அவன் நம்பர், எத்தனாவது கேட்டு, எப்படிப் போனான்னு ஒரு படம். அவ்வளவுதான் என் வேலை."

அந்த அட்டை அதன் பிறகு போகும் வழியைப் பாருங்கள். கேட் ஜட்ஜ்களின் தலைவர் அட்டைகளைச் சேகரித்து ரெஃபரியிடம் கொடுக்கிறார். தவறு செய்தவர்கள் பட்டியல் பலகையில் ஒட்டப்படுகிறது. அதிலிருந்து 15 நிமிடங்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். சொன்னால் முடிவெடுப்பது ஜூரி. அதுவரை கேட் ஜட்ஜ் இடத்தைவிட்டுப் போய்விடக் கூடாது. கூப்பிட்டால் வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஜூரிக்குத்தான் 'நடுவர் குழு' என்று இந்த இழையிலேயே ஒப்புக்கொண்டோம். அப்படியிருக்க, அந்தக் குழுவின் முன்னால் வந்து சொல்பவரையும் நடுவர் என்றால் படிக்கிறவர் குழம்பமாட்டாரா?

> "வாயில் கண்காணி" என்றால்?

பொருள் சரிதான். ஆனால் இந்த மலையில் அந்தச் சொல்லை வைக்காதீர்கள். 1964 சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்குக் கண்காணி என்றால் கங்காணி. ஆள் பிடித்து வந்து, முன்பணக் கடனில் கட்டி வைத்து வேலை வாங்கியவர். பாட்டிமார் இன்னும் அந்தப் பெயரை நல்ல முகத்தோடு சொல்வதில்லை.

ஆனால் 'கடவை' என்ற சொல்லையும் அதே குடும்பங்களிடம்தான் கற்றேன். ரயில் கடவை, பாதசாரிக் கடவை. இலங்கையில் அன்றாடச் சொல். வாயில் என்றால் நிலையும் கதவும் நினைவுக்கு வருகின்றன. பந்தயத்தில் கதவும் இல்லை, உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. கடந்தாயா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி. ஆகவே கடவை. என் பரிந்துரை: கடவைச் சான்றாளர்.

'பனி வாயில்' என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. ஊட்டிக்காரர்கள் நீர்ப்பனி, உறைபனி என்று பிரித்துப் பேசுகிறவர்கள். ஜனவரி காலையில் தலைகுந்தாவில் புல் வெள்ளையாகக் கிடப்பது உறைபனி. அதில் கால் வழுக்கும், ஸ்கீ ஓடாது. கேட்டுக்குப் பனி என்ற அடைமொழி தேவையில்லை, விட்டுவிடலாம்.

மற்றவை சுருக்கமாக. ஸ்டார்டர் 'தொடக்குநர்', தகராறு இல்லை. பந்தயத்துக்கு முன் தடத்தில் இறங்கிப் பார்ப்பவர் 'முன்னோட்டர்'. 'முன்னோடி' வேறு பொருளில் ஊறிவிட்டது. டெக்னிகல் டெலிகேட்டுக்குத் 'தொழில்நுட்பப் பிரதிநிதி' எனக்குப் பிடிக்கவில்லை. அவர் இயந்திரம் பார்க்க வருபவர் அல்ல. விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க வருபவர். நடுவர் குழுவுக்குத் தலைவரும் அவரே, வாக்கு சமமானால் அவர் வாக்குதான் முடிவு. 'விதித் தூதர்' எப்படி?

இதெல்லாம் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு: 2014 ஜனவரியில் ஸ்லொவேனியாவில் நடந்த சில தகுதிப் பந்தயங்களின் முடிவுகள் திரிக்கப்பட்டவை என்று உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் கண்டு, அவற்றை ரத்து செய்தது. பந்தயத்தை நடத்திய அதிகாரிகள் சிலருக்கும் தடை விழுந்தது. யார் எதற்குப் பொறுப்பு என்பது பெயரிலேயே தெரிந்தால் நல்லது.

குன்னூரிலிருந்து

---

வணக்கம் ஐயா. கொடைக்கானலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். கடவை பிடித்திருக்கிறது. சான்றாளரில்தான் ஐயம். வீரர் சந்தேகப்பட்டு நின்றால் கேட் ஜட்ஜ் 'கோ' அல்லது 'பேக்' என்று கத்த வேண்டுமாமே. மேலே ஏறித் திரும்பி வா என்று சொல்வது தீர்ப்பில்லாமல் வேறென்ன? வெறும் சாட்சி அப்படிச் சொல்ல முடியுமா?

---

நல்ல கேள்வி டீச்சர், ஒரு நாள் தூங்கவிடவில்லை. விதியைத் தேடிப் படித்தேன். கத்துவது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு வீரர் என்ன செய்தாலும் முழுப் பொறுப்பு வீரருடையது. கேட் ஜட்ஜைக் குறை சொல்ல முடியாது என்று விதியே சொல்கிறது. யாரையும் கட்டுப்படுத்தாத தீர்ப்பு தீர்ப்பாகாது. வழியில் நிற்பவர், "தம்பி, செருப்பு அங்கேயே கிடக்கு" என்று சொல்வது மாதிரிதான்.

நேற்று ஹவில்தாரிடம் 'கடவைச் சான்றாளர்' என்று சொல்லிக் காட்டினேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அவ்வளவு நீளம் எதுக்கு? கடவைச் சாட்சின்னு போடுங்க. மலை மேலேயிருந்து கூப்பிட்டா கீழே கேட்கணும்ல" என்றார்.

பட்டியலில் சான்றாளரை அடித்துவிட்டுச் சாட்சி என்று எழுதியிருக்கிறேன். விதித் தூதர் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.