பேரல் குட்டையானால் துப்பாக்கி ஏன் முரண்டு பிடிக்கிறது?

வாசிப்போடு_சரி:
துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பழக்கமில்லை, வாசிப்பதோடு சரி. அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிளுக்கு 20 அங்குல பேரல், அதன் குட்டை வடிவமான எம்4-க்கு 14.5, அமெரிக்கக் கடற்படையின் மார்க் 18-க்கு வெறும் 10.3. உள்ளே போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் பூட்டிக்கொள்ளும் பாகம்), மேகசின், தோட்டா எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றேதான். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் குறைவதற்கும் பின்னால் ஜாம் ஆவதற்கும் என்ன சம்பந்தம்? குண்டின் வேகம் குறையும், அது புரிகிறது. ஆனால் கார்பைன், அதாவது குட்டை ரைஃபிள், என்றாலே நம்பகத்தன்மை போச்சு என்கிறார்கள், ஏன் என்று கேட்டால் ஒருவரும் சொல்வதில்லை.

தென்காற்று:
சின்ன பேரல் சீக்கிரம் சூடாகும், அதான். இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

பழைய_ஃபிட்டர்:
சூடும் உண்டுதான் தென்காற்று, ஆனால் முதல் பத்து ரவையிலேயே (தோட்டா) சிக்கினால் அதற்குச் சூட்டைக் குறை சொல்ல முடியாது. விஷயம் பேரலில் இருக்கும் ஒரு சின்னத் துளை. குண்டு அதைத் தாண்டியதும் பின்னால் வரும், மருந்து எரிந்த கேஸில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக ஒரு மெல்லிய குழாயில் ஏறி, பின்னால் வந்து போல்ட்டைச் சுமக்கும் கேரியரைத் தள்ளுகிறது, கேரியர் நகரும்போது போல்ட் திரும்பிப் பூட்டு விடுபடுகிறது, அப்புறம்தான் காலிக் கூடு வெளியே வரும். இருபது அங்குல எம்16-இல் அந்தத் துளை ஏறக்குறைய 13 அங்குலத்தில் இருக்கிறது, துளைக்குப் பிறகு சுமார் 7 அங்குலம் பேரல் பாக்கி. கார்பைனில் துளையை ஏழரை அங்குலத்துக்குப் பக்கத்தில் இழுத்துவிட்டார்கள். தோட்டா உட்காரும் அறைக்கு அவ்வளவு கிட்டத்தில் கேஸ் அழுத்தம் மிக அதிகம், போல்ட்டுக்கு உதை பலமாகவும் சீக்கிரமாகவும் விழுகிறது.

வீட்டில் குக்கர் ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திருகிப் பாருங்கள், அசையாது. அதே கதைதான் இங்கேயும். அறைக்குள் அழுத்தம் இன்னும் இருக்கும்போது பித்தளைக் கூடு உப்பி சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த நேரம் பார்த்து எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை இழுக்கும் கொக்கி) இழுத்தால் கூட்டின் விளிம்பைத் தாண்டி நழுவும், இல்லை விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், கூடு உள்ளேயே கிடக்கும். அடுத்து, போல்ட் போய்த் திரும்பும் வேகத்துக்கு மேகசின் ஸ்பிரிங் ரவையை மேலே தூக்கித் தர முடியாமல் போகும். போல்ட்டின் பூட்டுப் பற்களும் அதைத் திருப்பும் கேம் பின்னின் துளை ஓரமும் விரிசல் விடுவதும் இந்த அடியால்தான்.

வாசிப்போடு_சரி:
குக்கர் புரிந்தது. ஆனால் நான் படித்த இடத்தில் 10 அங்குலத்தில் கேஸ் போதாமல் போல்ட் பாதியில் நிற்கும் என்று இருந்தது. நீங்கள் அதிகம் என்கிறீர்கள். எது சரி?

பழைய_ஃபிட்டர்:
இரண்டும் சரி, வம்பே அதுதான். அழுத்தம் அதிகம், நேரம் குறைவு. 10.3 அங்குலத்தில் துளை தாண்டி மூன்று அங்குலம்கூட இல்லை, குண்டு வாயை விட்டு வெளியேறியதும் கேஸ் அந்த வழியே ஓடிவிடும், கேரியரைத் தள்ளக் கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடைக்காது. அதனால்தான் மார்க் 18-க்கு எம்4-ஐவிடத் துளையைப் பெரிதாக்கினார்கள், கூடவே எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கையும் வலுவாக்கினார்கள். நேரம் குறைவு என்று துளையைப் பெரிதாக்கினால் உதை கூடும், உதையை அடக்கக் கேரியருக்குப் பின்னால் கனமான பஃபர் (அடியைத் தாங்கும் எடை) போட்டால் மருந்து கொஞ்சம் பலவீனமான ரவை வரும் நாளில் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது. நீளத் துப்பாக்கி அழுக்கு, குளிர், மட்டமான ரவை எல்லாவற்றையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், குட்டைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மழைக்கால_மடல்:
வியட்நாம் காலத்தை விட்டுவிட்டீர்களே. அப்போது வந்த எம்16-இன் குட்டை வடிவமான எக்ஸ்எம்177-க்கு முதலில் 10 அங்குலம், பிறகு 1967-இல் வந்த அதன் ஈ2 வகையில் 11.5 ஆக்கினார்கள். முனையில் நாலு அங்குலத்துக்கு ஒரு தடித்த குழாய் இருக்கும். தீச்சுவாலையையும் சத்தத்தையும் அடக்கத்தான் வைத்தார்கள், ஆனால் அது கேஸைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தி பேரலுக்குள் அழுத்தத்தையும் தக்கவைத்தது. கூடவே கரியும் சேர்ந்தது என்பது வேறு விஷயம்.

ரஷ்யர்கள் ஏகேஎஸ்-74யு-வில் இதையே வெளிப்படையாகச் செய்தார்கள். ஏகே-74-க்கு 415 மில்லிமீட்டர் பேரல், இதற்கு 206 சொச்சம், பாதிதான். கேஸ் துளையைப் பின்னால் தள்ளி, முனையில் கூம்பு வாயோடு உருளை மாதிரி ஒரு விரிவறையை மாட்டினார்கள். பார்க்க ஏதோ அலங்காரம் போல இருக்கும், கழற்றிவிட்டால் துப்பாக்கி கூட்டைத் தள்ளி அடுத்த ரவையை ஒழுங்காக ஏற்றாது. குண்டு வேகமும் விநாடிக்கு 900 மீட்டரிலிருந்து 735-க்கு இறங்கிவிட்டது. டாங்கி ஆட்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டார்கள் போல.

என்சிசி_நினைவுகள்:
நாங்கள் சுட்டதெல்லாம் .303 ரைஃபிள், கையால் போல்ட்டை இழுப்பது. அதில் பேரலைக் குறைத்தாலும் இந்தத் தொல்லை எதுவும் வராது, கேஸ் துளையே கிடையாதே. 1944-இல் பிரிட்டிஷார் அதைக் குறைத்து 'ஜங்கிள் கார்பைன்' செய்தபோது வந்த புகார் வேறு, தோளில் இடிக்கிறது, குறி ஓரிடத்தில் நிற்காமல் நகர்கிறது என்று. கூடு சிக்குகிறது என்று நான் கேட்டதில்லை.

தென்காற்று:
சரி, சூடு என்றது என் அவசரம். அப்படியென்றால் துளையைக் குட்டை பேரலிலும் முன்னாலேயே வைக்க வேண்டியதுதானே?

பழைய_ஃபிட்டர்:
14.5-இல் வைக்கலாம், வைத்தும் விட்டார்கள். அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்கு வந்த புதிய மேல்பகுதியில் (பேரலும் போல்ட்டும் இருக்கும் பாதி) பேரல் அதே 14.5-தான், துளை மட்டும் இரண்டு அங்குலம் போல முன்னால் போயிருக்கிறது, உதை நன்றாகவே மெதுவாகிறது. 10.3-இல் அப்படித் தள்ளினால் துளைக்குப் பிறகு பேரலே மிஞ்சாது, போல்ட்டுக்கு ஒன்றும் வந்து சேராது.

வாசிப்போடு_சரி:
கடைசியாக ஒன்று. இதிலேயே சைலன்சர் மாட்டினால்?

பழைய_ஃபிட்டர்:
குண்டு போன பிறகும் ஆவி அடங்காத குக்கர். பெரிதாக்கிய துளை வழியாக இன்னும் கூடுதல் கேஸ், இன்னும் வேகம், சுடுபவர் முகத்திலும் கொஞ்சம் புகை. நேற்றுவரை கேஸ் போதவில்லை என்று நின்ற அதே துப்பாக்கி இன்று அதிகமாகி நிற்கும்.