திரையில் அழகாக இருந்த சுவரொட்டி சுவரில் எடுபடவில்லை. எங்கே தவறு?

கழன்றசங்கிலி:
பத்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். பழைய மிதிவண்டியைத் தாமே பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஒருநாள் பயிற்சியை நானும் மூன்று நண்பர்களும் நடத்துகிறோம். கட்டணம் கிடையாது. சுவரொட்டியை நானே அலைபேசிச் செயலி ஒன்றில் வடிவமைத்தேன், ஏ3 அளவு. திரையில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஐம்பது பிரதி அச்சிட்டு நூலகம், பேருந்து நிறுத்தம், மின்தூக்கி வாசல் என்று அனுமதி கிடைத்த இடங்களில் எல்லாம் ஒட்டினோம்.

அச்சாகி வந்தபோதே வயிறு கலங்கியது. பளிச்சென்று இருந்த நீலப் பின்னணி கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. படமும் சிறிய எழுத்துகளும் மங்கல். "கொண்டுவாருங்கள்" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு வேறு. நேரமில்லாததால் அப்படியே ஒட்டிவிட்டோம்.

பத்து நாளில் வந்தவை நான்கே அழைப்புகள். ஒருவர் மிதிவண்டி விற்பனைக்கா என்று கேட்டார். இரண்டு பேர் "சனியா, ஞாயிறா?" என்று கேட்டார்கள். தேதி, கிழமை இரண்டையும் போட்டிருக்கிறேன், படிக்கவே மாட்டார்களா? நான்காவது தவறான எண்ணுக்கு வந்த அழைப்பு. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மறுபடி அச்சிடத் தயார், ஆனால் இதே தவற்றை இன்னொரு முறை செய்ய மனம் இல்லை.

தூரப்பார்வை:
படத்தை ஏற்றுவதற்கு முன், சுவரொட்டியில் உள்ள வாசகத்தை மட்டும் மேலிருந்து கீழாக இங்கே தட்டச்சு செய்யுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

கழன்றசங்கிலி:
இதோ: குழுவின் சின்னமும் பெயரும் / மிதிவண்டி ஆர்வலர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு! / மாபெரும் ஒருநாள் இலவச பயிற்சி முகாம் / சுற்றுச்சூழலைக் காப்போம், உடல்நலம் பேணுவோம் / சங்கிலி மாற்றுதல், பஞ்சர் ஒட்டுதல், பிரேக் சரிசெய்தல், கியர் அமைத்தல், சக்கரம் நேராக்குதல் / அனுபவம் மிக்க பயிற்சியாளர்கள் / உங்கள் மிதிவண்டியையும் கொண்டுவாருங்கள் / நாள்: ஜூன் 14, சனிக்கிழமை, காலை 9.30 / இடம் / தொலைபேசி எண் / அனைவரும் வருக!

பின்னணியில் சென்ற ஆண்டுப் பயிற்சியில் எடுத்த குழுப்படம்.

மைக்கறை:
பல ஆண்டு அச்சகத்தில் இருந்தவன் என்பதால் அச்சுக் கோளாறுகளை மட்டும் சொல்கிறேன். அழகைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும்.

நிறம்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அதாவது ஆர்ஜிபி. அச்சில் நான்கு மைகளின் கலவை, அதாவது சிஎம்ஒய்கே. திரையின் பளீர் நீலத்தை மையால் எட்டவே முடியாது. அதை மாற்றும்போது சயானும் (வெளிர்நீல மை) மெஜன்டாவும் (இளஞ்சிவப்பு மை) ஏறக்குறைய சம அளவில் விழுந்துவிடுகின்றன, உங்களுக்குக் கிடைத்த கத்தரிப்பூ அதுதான். சயான் 100 சதவீதம் என்றால் மெஜன்டாவை 70க்கு மேல் விடாதீர்கள். நீலம் நீலமாகவே நிற்கும். ஐம்பதையும் அடிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

மங்கல்: கோப்பின் அகலம் எத்தனை பிக்சல்?

கழன்றசங்கிலி:
1080 ஐயா. அச்சகத்துக்கு அலைபேசியிலேயே செய்திச் செயலி வழியாக அனுப்பினேன்.

மைக்கறை:
அதேதான். ஏ3 என்பது 297க்கு 420 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் 3508க்கு 4961 பிக்சல் இருக்க வேண்டும். உங்களுடையது அங்குலத்துக்குச் சுமார் 92தான். செய்திச் செயலியில் படமாக அனுப்பினால் இன்னும் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்ப வேண்டும்.

ஆனால் ஒன்று. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் புகைப்படத்துக்கு 150 இருந்தாலே ஒப்பேற்றிவிடலாம், 300ஐ வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் உண்மையான சிக்கல், எழுத்தும் படத்தோடு சேர்ந்து பிக்சலாகிவிட்டது. ஜேபெக் வேண்டாம், பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். அப்போது எழுத்து கோட்டுருவமாக இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கத்தி போல் நிற்கும்.

வெள்ளைக் கோடு: தாளை வெட்டும் கத்தி இம்மி நகரத்தான் செய்யும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணியை நீட்டி வையுங்கள். அச்சகத்தில் 'ப்ளீட்' என்பார்கள். எழுத்து எதுவும் வெட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது, பத்து மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்கட்டும்.

ஒற்றுமிகும்:
கொம்பு பிரிந்த கதைக்கு வருகிறேன். யூனிகோடில் 'கொ' என்பது 'க', அதன் பின்னால் ஒகரக் குறி, அவ்வளவுதான். கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருள் கையை விரித்து, புள்ளி வட்டத்தைக் காட்டிவிடும். உங்கள் அலைபேசியில் சரியாக வந்து அச்சில் உடைந்தது என்றால், நடுவில் யாரோ அந்தச் சொல்லை வேறொரு மென்பொருளில் திறந்து ஒட்டியிருக்கிறார்கள்.

கழன்றசங்கிலி:
ஆமாம்! அந்த வரியில் ஒரு பிழை இருந்தது. அச்சகத்தில் அங்கேயே திருத்திக் கொடுத்தார்கள்.

ஒற்றுமிகும்:
சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும், இல்லையென்றால் இப்படித்தான் ஆகும். அதனால் அடுத்த முறை எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள் பொதித்தோ, எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக மாற்றியோ கொடுங்கள். கோட்டுருவமாக மாற்றிவிட்டால் பிறகு யாரும் அதில் தட்டச்சு செய்ய முடியாது. திருத்தம் வந்தால் உங்கள் மூலக் கோப்பிலேயே செய்து, புதிதாக அனுப்புங்கள்.

இன்னும் இரண்டு. தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். மேல் வரியின் 'மூ' கீழே இறங்கும், கீழ் வரியின் 'கீ' மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொண்டால் தூரத்திலிருந்து பார்க்க அழுக்குப் போலத் தெரியும். எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடம் விடுவதும் வேண்டாம், கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகிவிடும். அப்புறம் "இலவசப் பயிற்சி". ப் விட்டுவிட்டீர்கள்.

தூரப்பார்வை:
இப்போது என் முறை. அச்சு சரியாக வந்திருந்தாலும் இந்தச் சுவரொட்டி தோற்றிருக்கும் என்பது என் எண்ணம். பதினொரு வரியில் நாள் எட்டாவது வரி. மேலே இருக்கும் வரிகளில் குழுவின் பெயர் வழிப்போக்கருக்குத் தெரியாது. 'அரிய வாய்ப்பு', 'மாபெரும்' இரண்டும் எந்தச் சுவரொட்டிக்கும் பொருந்தும். சுற்றுச்சூழல் வரியை யாரும் மறுக்கப்போவதில்லை, அதற்காக நிற்கவும் போவதில்லை. மிதிவண்டி விற்பனைக்கா என்று கேட்டவரைக் குறை சொல்லாதீர்கள், குழுப்படத்தில் வரிசையாக வண்டிகள் நின்றிருக்கும், அவர் கண் அதைத்தான் பார்த்திருக்கும்.

நல்ல தலைப்பு உங்கள் புனைபெயரிலேயே இருக்கிறது. "சங்கிலி கழன்றால் இனி நீங்களே மாட்டலாம்." அதன்கீழ் "மிதிவண்டி பழுதுபார்க்க ஒருநாள் இலவசப் பயிற்சி". பிறகு நாள், நேரம், இடம். "உங்கள் வண்டியோடு வாருங்கள்." எண். போதும். ஐந்து வேலைகளின் பட்டியலை எடுத்துவிடுங்கள், அது வந்தவர்களிடம் சொல்ல வேண்டியது. குழுப்படத்துக்குப் பதில் ஒரே ஒரு படம்: கிரீஸ் படிந்த விரல்கள் பல்சக்கரத்தின் மேல் சங்கிலியைப் பிடித்திருப்பது, அருகில் சென்று எடுத்தது. நகக்கண்ணில் கறுப்பு தெரிய வேண்டும்.

எழுத்தளவுக்குப் பெயர்ப்பலகைக்காரர்களின் பழைய கணக்கு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். தலைப்புக்கு அதைப் பிடியுங்கள். அச்சிடாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. திரையில் சுவரொட்டியை 4 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி, 40 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். மூன்று மீட்டர் தொலைவில் நடந்துபோகிறவர் கண்ணுக்கு ஏ3 தாள் அவ்வளவுதான் தெரியும்.

கழன்றசங்கிலி:
பழையதைச் சுருக்கிப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தபால்தலை, அவ்வளவுதான். சிரிப்பு வந்துவிட்டது. நேற்று புதிதாகச் செய்தேன்: அடர்நீலப் பின்னணி, சிவப்பில் தலைப்பு, நண்பரின் கைகளைப் படமெடுத்தேன். எப்படி?

தூரப்பார்வை:
படம் அருமை. தலைப்பு கண்ணை உறுத்துகிறது. அதை அப்படியே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சிவப்பும் நீலமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். நிறம் வேறாக இருந்தால் போதாது, வெளிச்ச வேறுபாடு வேண்டும். அடர்நீலத்தின் மேல் மஞ்சளோ வெள்ளையோ போடுங்கள்.

வெற்றுச்சுவர்:
கியூஆர் குறி இல்லாமல் இந்தக் காலத்தில் சுவரொட்டியா? வருகைப் பதிவுப் படிவத்துக்கு ஒன்று கட்டாயம் வையுங்கள்.

மைக்கறை:
வைக்கலாம், ஆனால் பேருந்து நிறுத்தத்தில் கையில் பையோடு நிற்பவர் அலைபேசியை எடுத்து நீட்டுவார் என்று நான் நம்பவில்லை. எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.

வெற்றுச்சுவர்:
மின்தூக்கிக்குக் காத்திருப்பவர் நீட்டுவார். தொலைவில் பத்தில் ஒரு பங்கு அளவு என்பது கணக்கு, அரை மீட்டரில் நிற்பவருக்கு 5 சென்டிமீட்டர். வெள்ளைமேல் கறுப்பு, சுற்றிலும் குறியின் சிறு கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம். குறிக்குள் வைக்கும் இணைய முகவரி சிறியதாக இருந்தால் கட்டங்கள் பெரிதாகி, அலைபேசி எளிதில் படிக்கும். அடர்நீலத்தின் மேல் நேரடியாக வைத்துவிடாதீர்கள்.

ஒற்றுமிகும்:
குறுக்கிடுகிறேன். நாட்காட்டியைப் பார்த்தீர்களா? இந்த ஆண்டு ஜூன் 14 ஞாயிற்றுக்கிழமை.

கழன்றசங்கிலி:
ஐயோ. சென்ற ஆண்டுத் துண்டறிக்கையிலிருந்து அந்த வரியைப் படியெடுத்தேன். பயிற்சி ஞாயிற்றுக்கிழமைதான், 14ஆம் தேதிதான். அந்த இரண்டு பேரும் ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள். நான்தான் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மைக்கறை:
அப்படியானால் புதியதை ஒட்டும் முன் பழையதை முழுவதும் எடுத்துவிடுங்கள். இரண்டு கிழமைகள் அருகருகே சுவரில் இருந்தால் அதைவிட மோசம். பேனாவால் அடித்துத் திருத்துவதும் வேண்டாம்.

கழன்றசங்கிலி:
இன்று காலை போய்க் கிழித்தேன். ஐம்பதில் நாற்பத்தேழு கிடைத்தன. நூலக வாசலில் இருந்ததில் கீழ்மூலை, எண் இருந்த துண்டை மட்டும், யாரோ கையால் கிழித்து எடுத்துப்போயிருக்கிறார்கள். அழைத்தவர்களில் அவர் இருந்தாரா தெரியவில்லை.

வெற்றுச்சுவர்:
கியூஆர் குறி விவாதத்தில் நான் தோற்றேன். கீழ் ஓரத்தில் எண்ணைப் பத்து முறை நெடுக்கில் அச்சிட்டு, இடையிடையே கத்தரியால் வெட்டிவிடுங்கள். முதல் துண்டை ஒட்டும்போதே நீங்களே கிழித்துவிட வேண்டும். முழுதாக இருந்தால் யாரும் முதலில் கை வைக்கமாட்டார்கள்.

மைக்கறை:
அந்த ஓரத்துக்குப் பின்னணி நிறம் வேண்டாம், வெள்ளையாக விடுங்கள். பேனாவால் ஏதாவது குறித்துக்கொள்வார்கள். மாதிரிப் பிரதி எடுத்ததும் இங்கே போடுங்கள், நீலத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.