வெளியில தப்புப் பண்ணின பிளேயரைத் திரும்பச் சேர்க்கலாமுங்களா? என்ன நிபந்தனை போடறது?

நொய்யல் விங்கர் (திருப்பூர்)

எங்க கால்பந்து கிளப் விதிமுறையை இந்த சீசனுக்கு முன்னாடி புதுசா எழுதறமுங்க. மைதானத்துக்குள்ள நடக்கறதுக்கு கார்டு, சஸ்பென்ஷன்னு சங்கமே பார்த்துக்குது. வெளியில நடக்கறதுக்குத்தான் ஒரு வரிகூட இல்ல. குடிச்சிட்டு வண்டி ஓட்டறது, பெட்டிங் ஆப், அடிதடி, பொம்பளப் புள்ளைககிட்ட வம்பு, எல்லாத்துக்கும் இதுவரைக்கும் கமிட்டி அன்னன்னிக்கு என்ன நினைக்குதோ அதான் சட்டம்.

இப்ப கமிட்டியில ரெண்டு கட்சி. "இத்தாலிக்காரர் டோனாலி பெட்டிங்குக்கு 10 மாசம் தடையில இருந்துட்டு வந்து இங்கிலாந்து கிளப் நியூகாசிலோட கப் ஜெயிக்கலியா, மனுசன் திருந்துவான்"னு ஒரு கட்சி. "ஒருக்கா பேரு கெட்டா கெட்டதுதான், ஸ்பான்சர் போயிருவாரு, கணக்கை முடிச்சு அனுப்பிரு"ன்னு இன்னொரு கட்சி. பெரிய கிளப்புக செஞ்சதுல நம்ம மாதிரி சம்பளமில்லாத டீமுக்கு எது ஒத்து வரும்? தெரிஞ்சவங்க சித்தெ விவரமாச் சொல்லுங்க.

காங்கயம் கூனர்

குடின்னா ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸ் கதையை எல்லாரும் எடுத்துட்டு வருவாங்க, ஆனா பின்பாதியை மட்டுந்தான் சொல்லுவாங்க. முன்பாதிதான் உங்களுக்கு வேணும்.

போதையில கார் ஓட்டி மோதினதுக்கு 1990 டிசம்பர்ல 4 மாசம் சிறை. பாதி கழிஞ்சு 1991 பிப்ரவரியில வெளிய வந்தாரு. ஆர்சனல் அப்பவே சேர்த்துக்கிச்சு, அந்த சீசன் லீக்கையும் ஜெயிச்சுது. கைதட்டு கிடைச்சுது, கப் கிடைச்சுது, வைத்தியம் மட்டும் கிடைக்கல. தான் குடிநோயாளின்னு அவரு வெளிப்படையாச் சொன்னது 1996 செப்டம்பர்ல. நடுவுல அஞ்சு வருசத்துக்கு மேல கேப்டன் பட்டையைக் கட்டிக்கிட்டே குடிச்சாரு. ஜெயில் குடியை நிறுத்தல, மன்னிப்பும் நிறுத்தல. சிகிச்சைக்கு அப்பறந்தான் 1998லயும் 2002லயும் லீக், எஃப்.ஏ. கப் ரெண்டும் சேர்ந்து வந்துச்சு. 2000ல மத்த ஆட்டக்காரங்களுக்காக ஸ்போர்ட்டிங் சான்ஸ்னு சிகிச்சை அமைப்பையும் அவரே தொடங்கினாரு.

அதே ஆர்சனல்ல ஆடின பால் மெர்சன் இன்னும் நல்ல பாடம். 1994 நவம்பர்ல குடி, கொக்கெய்ன், சூதாட்டம் மூணையும் ஒத்துக்கிட்டாரு. இங்கிலாந்து கால்பந்து சங்கமான எஃப்.ஏ. ஏற்பாட்டுல ஆறு வாரம் சிகிச்சை, 1995 பிப்ரவரியில மறுபடி களத்துல. எல்லாம் முடிஞ்சுதுன்னு ஊரே நினைச்சுது. சூதாட்டம் அதுக்கப்பறமும் பல வருசம் அவரை விடல, அவரே பொதுவுல பலதடவை சொல்லியிருக்காரு. அதனால "குடியை விட்டுட்டாப்ல"ங்கற சர்டிபிகேட்டை மட்டும் வாங்கி ஃபைல்ல போட்டு மூடிராதீங்க. விட்ட இடத்துல இப்ப என்ன இருக்குன்னு டாக்டர் பார்க்கணும்.

நம்மூர்ல நடக்கற ரெண்டு கூத்தை விதியிலயே தடுத்துருங்க. ஒண்ணு, தினமும் குடிக்கற பையனை டோர்னமென்ட் வருதுன்னு ரூம்ல வெச்சுப் பூட்டி ஒரே நாள்ல நிறுத்த வைக்கறது. கடைசியாக் குடிச்சு 6 மணி நேரத்துலயே கை நடுக்கமும் வேர்வையும் ஆரம்பிக்கலாம், ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், மூணாவது நாள் வாக்குல ஆளே புரியாம பிதற்றலாம். உசுரு போற விசயம். ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். இன்னொண்ணு, வீட்டுல சோத்துல தெரியாம மாத்திரை கலந்து குடுக்கறது. அந்த டைசல்ஃபிராம் மாத்திரை உடம்புல இருக்கறப்ப குடிச்சா பிரஷர் இறங்கி நெஞ்சடைப்பு வரைக்கும் போகும். ஆளுக்குத் தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் சீட்டோடதான் அது.

குடியை நிறுத்தின நடுக்கமும் வேர்வையும் அடங்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதை குணமாயிட்டதாக் கணக்கு வெக்காதீங்க. தோத்த நாளைவிட ஜெயிச்ச ராத்திரிதான் ஆபத்து. பரிசுப் பணம் கைக்கு வர்ற வேன்ல அவனைத் தனியா விடாதீங்க.

பொள்ளாச்சி ரெட்

மான்செஸ்டர் யுனைடெட் கான்டோனாவை யாரும் இன்னும் கொண்டாரலியே! 1995 ஜனவரி 25, செல்ஹர்ஸ்ட் பார்க், ரசிகனை எட்டி உதைச்சாரு. செப்டம்பர் 30 வரைக்கும் தடை. ரெண்டு வார ஜெயில் தண்டனை அப்பீல்ல 120 மணி நேர சமூக சேவையா மாறி, பசங்களுக்கு கால்பந்து சொல்லிக் குடுத்தாரு. அக்டோபர் 1 லிவர்பூலோட பெனால்டி போட்டாரு, 1996ல ரெண்டு கப்பு, எழுத்தாளர் சங்கத்தோட வருசத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினாரு. நான் யுனைடெட்காரன்தான், இருந்தாலும் கேக்கறேன், அது அவரு திருந்தினதா, இல்ல கோல் போட்டதால நம்ம மறந்துட்டமா?

சிறுவாணி 10 (கோவை)

பெட்டிங்குக்கு ரெண்டு தடையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா உங்க விதி தானா வந்துரும்.

ஐவன் டோனி, இங்கிலாந்து கிளப் பிரென்ட்ஃபோர்டோட ஆட்டக்காரர். 2023 மே மாசம் 232 விதிமீறலுக்கு 8 மாசத் தடை, 50,000 பவுண்ட் அபராதம். 11 மாசம் வந்திருக்க வேண்டியது, சூதாட்ட அடிமைத்தனம்னு மனநல டாக்டர் கண்டுபிடிச்சுச் சொன்னதால 3 மாசம் குறைஞ்சுது. முதல் 4 மாசம் கிளப்போட பயிற்சிகூடக் கிடையாது, செப்டம்பர் 17க்கு அப்பறந்தான் விட்டாங்க. டோனாலிக்கு இத்தாலி சங்கம் போட்டது 18 மாசம். அதுல 8 மாசத்தைக் கழிச்சு, பதிலுக்கு சிகிச்சையும் 16 பொதுக்கூட்டத்துல பேசறதும்னு மாத்தினாங்க. மேட்ச் இல்லாத அந்த 10 மாசமும் கிளப்போட பயிற்சி உண்டு. 2024 ஆகஸ்ட் 28 திரும்பினாரு, 2025 மார்ச் 16 வெம்ப்ளியில லிவர்பூலை 2-1 ஜெயிச்ச லீக் கப் ஃபைனல்ல ஆடினாரு.

நம்ம டீமுக இத்தாலி வழியைத்தான் எடுக்கணும். மேட்சைப் புடுங்குங்க, பயிற்சியைப் புடுங்காதீங்க. சாயந்தரம் அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வர்ற பையனை நாலு மாசம் வீட்டுல உக்கார வெச்சா கையில போன்தான் இருக்கும். தொடையும் போயிரும்: மாசக்கணக்குல முழு வேகத்துல ஓடாம வந்து முதல் வாரமே 90 நிமிசம் ஆடினா ஹாம்ஸ்ட்ரிங் பிச்சுக்கும். தடை முடிஞ்சதும் 20 நிமிசம், 45, அப்பறமேட்டு முழு ஆட்டம்னு ஏத்துங்க.

ஒத்துக்கறவனுக்கு ஒரு வாசலும் வெச்சுருங்க. இங்கிலாந்துல வந்தும் பெட் கட்டினதை டோனாலியே போய்ச் சொன்னதால எஃப்.ஏ. 2 மாசத் தடையை நிறுத்தி வெச்சுது, மேற்கொண்டு ஒரு மேட்ச்கூடப் போகல. தானா வந்து சொன்னாப் பாதி, நம்ம கண்டுபிடிச்சா முழுசுன்னு எழுதுங்க.

"சும்மா ஜாலிக்கு, அதுவும் நான் ஆடாத மேட்ச்"னு ஒரு சாக்கு வரும். ஐவன் டோனி தன் சொந்த டீம் தோக்கும்னு 13 பெட் கட்டியிருந்தாரு, அதுல எந்த மேட்ச்லயும் அவரு ஆடல. அப்படியும் அது குத்தந்தான், ஏன்னா யாருக்குக் காயம், எவன் ஆடலைங்கறது உள்ள இருக்கறவனுக்குத்தான் தெரியும். நம்ம பக்கம் அந்த டீம் லிஸ்ட் வாட்ஸ்அப்ல முந்தின நாளே சுத்துது. கிக்ஆஃபுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் வெளிய போகணும்னு ஒரு வரி சேருங்க.

சேலத்து கீப்பர்

மேல எல்லாரும் குடி, சூது, உதை எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டறீங்க. ஆடம்ஸும் டோனாலியும் பெரும்பாலும் தங்களையே கெடுத்துக்கிட்டவங்க. இன்னொரு ஆளுக்கு, அதுவும் ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ தீங்கு நடந்திருந்தா, "மன்னிக்கலாமா"ன்னு கமிட்டி ஓட்டுப் போடவே உரிமை இல்ல. பாதிக்கப்பட்டது கமிட்டி இல்லையே.

2022ல ஸ்காட்லாந்தோட ரைத் ரோவர்ஸ் கிளப், டேவிட் குட்வில்லிங்கற ஆட்டக்காரரை எடுத்தாங்க. பாலியல் வன்முறை செஞ்சாருன்னு 2017ல சிவில் கோர்ட் தீர்ப்பு இருந்துச்சு, கிரிமினல் வழக்கு நடக்கல. "ஆட்டத்தை மட்டும் பார்த்தோம்"ங்கற மாதிரி கிளப் சமாளிச்சுது. சட்டை ஸ்பான்சர் போனாங்க, பெண்கள் அணி கேப்டன் விலகினாங்க, சில நாள்லயே அவரு நமக்கு ஆட மாட்டாருன்னு கிளப் பின்வாங்கிச்சு. கையெழுத்துக்கு முன்னாடி பெண்கள் அணியில ஒருத்தரைக் கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

உங்களுக்கு வேண்டியது இதுதான். பெண்களுக்கான பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, ஸ்டேடியம், விளையாட்டுப் பயிற்சி இடம், போட்டி நடக்கற இடம் எல்லாத்தையும் பணியிடமாவே கணக்குல எடுக்குது. 10 பேருக்குக் குறைவா வேலை செய்யற இடம்னா மாவட்டத்துல இருக்கற உள்ளூர் புகார் குழுகிட்டப் போகணும். நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல புகார், விசாரணை 90 நாளைக்குள்ள முடியணும். குழந்தை சம்பந்தப்பட்டா போக்சோ 19வது பிரிவு: தெரிஞ்ச யாரும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும். நிறுவனப் பொறுப்புல இருக்கறவங்க மறைச்சா ஒரு வருசம் வரைக்கும் சிறை. "பெரியவங்களை வெச்சுப் பேசி முடிச்சுக்கலாம்"ங்கறது அங்கே செல்லாது, அதுவே குத்தம்.

புகார் வந்த அன்னிக்கே செய்ய வேண்டியது: ஞாயித்துக்கிழமை சின்னப் பசங்க கோச்சிங்ல இருந்து அவரை எடுக்கணும், ரூம் சாவியை வாங்கணும், வெளியூர் பயணத்துல சேர்க்கக் கூடாது. இது தண்டனை இல்லைன்னு விதியிலயே எழுதுங்க. இன்னொண்ணு, சத்தமில்லாம ராஜினாமா வாங்கி அனுப்பாதீங்க. அடுத்த ஊர் டீம் ஒண்ணும் தெரியாம அவரைப் பசங்களுக்கு கோச்சா வெச்சுக்கும். விசாரணை பாக்கி இருக்குன்னு, கிளப் மாறக் குடுக்கற ஆட்சேபணை இல்லைங்கற கடுதாசியில (என்.ஓ.சி.) குறிப்பு போகணும்.

பவானி லெஃப்ட் பேக்

அக்கா சொல்றது சரிதானுங்க, ஆனா புகாருன்னாலே தீர்ப்புன்னு ஆக்கிராதீங்க. செட் எவன்ஸ்ங்கற ஆட்டக்காரர் பாலியல் வன்முறை வழக்குல 2012ல தண்டனை ஆகி, வெளிய வந்து, 2015 ஜனவரியில ஓல்டம் கிளப் எடுக்கப் போய் ஸ்பான்சர் நெருக்கடியில கைவிட்டாங்க. 2016ல தண்டனை ரத்தாகி, மறுவிசாரணையில விடுதலை ஆனாரு.

சேலத்து கீப்பர்

பிரேசில் ஆட்டக்காரர் ரொபின்யோவையும் சேர்த்துப் பாருங்க தம்பி. பாலியல் வன்முறை வழக்குல இத்தாலியில கீழ்க்கோர்ட் தண்டனை குடுத்து அப்பீல் நடக்கறப்பவே 2020ல பிரேசில் கிளப் சான்டோஸ் எடுத்துச்சு, சில நாள்ல ஸ்பான்சர் கத்தினதும் நிறுத்தி வெச்சுது. 2022ல 9 வருசத் தண்டனை உறுதியாச்சு, 2024 மார்ச்ல பிரேசில்ல சிறைக்குப் போனாரு. ரெண்டு கேஸ், ரெண்டு முடிவு. அதனாலதான் கோர்ட் முடியற வரைக்கும் நிறுத்தி மட்டும் வைங்கன்னு சொல்றேன். எடுத்துட்டு வாழ்த்து போஸ்டரும் வேண்டாம், துரத்திட்டு ஃபேஸ்புக்ல தீர்ப்பும் வேண்டாம்.

பவானி லெஃப்ட் பேக்

அது ஒத்துக்கறேனுங்க. என் பயம் வேற. ஐவன் டோனி மாதிரி 2022-23 சீசன்ல பிரீமியர் லீக்ல 20 கோல் போட்டவருன்னா கிளப் கூடவே நிக்கும். பெஞ்ச்ல இருக்கற ரைட் பேக் அதே தப்பைப் பண்ணினா மறுநாளே பையைத் தூக்கச் சொல்லிருவாங்க. கோவை நேரு ஸ்டேடியத்துல 2019ல சென்னை சிட்டி ஐ-லீக் ஜெயிச்சதுக்கு அப்பறம் நம்ம பக்கம் பசங்களுக்கு பெரிய ஆசை வந்திருக்கு, நாலு கோல் போடறவனை எந்த கமிட்டியும் தொட மாட்டேங்குது. விதியை ஆள் பேரு தெரியறதுக்கு முன்னாடி எழுதி சீசன் தொடக்கத்துல எல்லார்த்துகிட்டயும் கையெழுத்து வாங்கிருங்க. முடிவெடுக்கற மூணு பேர்ல கோச் இருக்கக் கூடாது.

நொய்யல் விங்கர்

ரொம்ப நன்றிங்க எல்லார்த்துக்கும். இன்னும் ரெண்டு சந்தேகம். பெட்டிங்ல கடன் ஆன பையனோட மேட்ச் காசை என்ன பண்றது? அப்பறம் நம்ம தடை போட்டா, வாளையாறு தாண்டி கேரளாவுல, ஏழு பேர் ஆடற செவன்ஸ் டோர்னமென்ட்ல வேற பேர்ல ஆடிட்டு வந்துருவாங்களே?

சிறுவாணி 10 (கோவை)

காசுல கிளப் கை வைக்கக் கூடாதுங்க, பிடிச்சு வெச்சா அது இன்னொரு வழக்கு. பையன் எழுத்துல சம்மதிச்சா அம்மா அல்லது மனைவி கணக்குக்கு அனுப்பலாம், சம்மதத்தை எப்ப வேணா திரும்ப வாங்கிக்கலாம்னு அதுலயே இருக்கணும். போன்ல யூபிஐ தினசரி வரம்பைக் குறைக்கச் சொல்லுங்க, லோன் ஆப்புகளை எடுக்கச் சொல்லுங்க. முதல் கேள்வி எவ்வளவு தோத்தேன்னு கேக்காதீங்க, யாருக்குத் தரணும்னு கேளுங்க. வாரவட்டிக்காரன்கிட்ட மாட்டினவனைத்தான் மேட்ச் விக்கறவன் தேடி வருவான். கந்துவட்டிக்கு 2003 சட்டம் இருக்கு, மிரட்டல் இருந்தா போலீசுக்கே போகலாம். மனசுக்கு டெலி-மானஸ் 14416, போதைக்கு 14446, ரெண்டும் இலவசம். காசு வெச்சு ஆடற ஆன்லைன் கேம் எல்லாத்தையும் 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டமே தடை பண்ணியிருக்கு, அதனால "லீகல் ஆப்புங்ணா"ங்கற பேச்சுக்கும் இடமில்ல.

செவன்ஸுக்கு: நீங்க போடற தடை உங்க கிளப்புக்குள்ளதான் செல்லும். பெரிய குத்தம்னா மாவட்ட சங்கத்துக்கு எழுதி அவங்க தடையா மாத்துங்க, அப்பத்தான் மத்த டீமையும் கட்டுப்படுத்தும். டோனாலிக்கு இத்தாலி போட்டதை ஃபிஃபா உலகம் பூரா நீட்டின மாதிரி அதுக்கும் ஒருத்தர் கடுதாசி எழுதியாகணும். உங்க பக்கமும் ஜாக்கிரதை, தடையில இருக்கறவனை இறக்கினா ஜெயிச்ச மேட்ச்கூட 3-0 தோல்வியாயிரும். லிஸ்ட் குடுக்கறதுக்கு முன்னாடி பிளேயர் பதிவோட சி.ஆர்.எஸ். ஐடியையும் ஆதார் படத்தையும் ஒருக்கா ஒத்துப் பார்த்துருங்க.