மூட்டுவலியோடு மாடித்தோட்டம்: மதுரைக்காரர்கள் ஒரு வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாலைப் பக்கம் இருக்கிறேன். எனக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனால் நம்மூர் வெயிலுக்குச் செடிக்குத் தண்ணீர் விட அந்த நேரம்தான் சரி. சிக்கலே அங்கேதான்.

மாடியில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, கொஞ்சம் கீரை இருக்கிறது. வாளி தூக்க முடியாததால் டைமர் வைத்த சொட்டுநீர் போடலாம் என்று பார்க்கிறேன். மேல்தொட்டி அதிக உயரத்தில் இல்லை. அந்த அழுத்தம் போதுமா? போர் தண்ணீர் வேறு உப்பு, வெள்ளையாகப் படியும். சொட்டுவான் (தண்ணீர் சொட்டும் முனை) அடைக்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அப்புறம், குனிய முடியாததால் செடி வளர்க்கும் பைகளை இரும்பு ஸ்டாண்டில் இடுப்பு உயரத்துக்கு ஏற்ற ஆசை. பாரம் குறைய மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கூட்டினால், ஆடிக் காற்றுக்குப் பை சாயுமா?

கத்தரியில் மாவுப்பூச்சி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல் கலந்து அடிக்கிறேன், கேட்கிறது. ஆனால் கையால் அமுக்கும் தெளிப்பானில் கட்டைவிரல் போய்விடுகிறது. எடை குறைந்த பேட்டரி தெளிப்பான் யாராவது வைத்திருக்கிறீர்களா?

முடக்குவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்; கிருமி தொற்றிவிடக் கூடாது என்பதால் உரம், மண் கிளறும் வேலையை ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வந்து பை நிரப்பித் தருபவர் தெரிந்தால் சொல்லுங்கள், கூலி கொடுத்துவிடுகிறேன்.

“பேசாமல் கடையில் வாங்கிக்கொள்” என்று மட்டும் சொல்ல வேண்டாம். அதை வீட்டில் தினமும் கேட்கிறேன்!