28 இஞ்ச் கம்பி பிரேக் சைக்கிளுக்கு ஹப் மோட்டார்: சரியான ரிம் கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டும் பழைய கம்பி பிரேக் (வயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) சைக்கிளை, சக்கரத்தின் நடுவில் பொருத்தும் ஹப் மோட்டார் போட்டு மின்சார சைக்கிளாக வீட்டிலேயே மாற்றப் பார்க்கிறேன். அவருக்கு முழங்கால் வலி, ஆனாலும் அந்த வண்டியை விட மனசில்லை. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் என்பதில் தெளிவாக இருக்கிறேன். அதற்கு மேல் அவருக்குத் தேவையும் இல்லை.

சிக்கல் சக்கரத்தில்தான். நம் ஊர் சைக்கிளில் முன்சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. ஹப் மோட்டார்களிலோ பெரும்பாலும் 36 ஸ்போக்ஸ் துளை. ரிம் 28க்கு 1½ இஞ்ச் அளவு. மோட்டார் கிட்டோடு (மாற்றத் தேவையான பாகங்களின் தொகுப்பு) வரும் 26 இஞ்ச் சக்கரத்தை மாட்டினால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடவே தொடாது. இந்த அளவில் 36 துளை ரிம் எங்காவது கிடைக்கிறதா? இல்லை, முன்சக்கரத்தை மாற்றிவிட்டு வேறு பிரேக் போட்டவர்கள் இருக்கிறீர்களா? மோட்டாரின் அச்சு சுழன்று ஃபோர்க்கைக் கிழித்துவிடாமல் இருக்க டார்க் ஆர்ம் (அச்சைச் சுழலாமல் பிடித்து நிறுத்தும் இரும்புத் தகடு) கட்டாயம் போடுவேன்.

அப்புறம், பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்க வேண்டும். கிட்டில் வரும், மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள லீவர் வயர் பிரேக்குக்கானது. கம்பி பிரேக்கில் காந்த சென்சார் ஒட்டி யாராவது வெற்றிகரமாக ஓட்டுகிறீர்களா? எனக்கு இதுதான் பெரிய கவலை.

பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று நினைத்திருக்கிறேன். கேரியரில் அப்பா மூட்டை கட்டுவார், அதனால் நடு பாருக்குக் கீழேதான் வைக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.