ஹீலரும் சப்போர்ட்டும்: ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

காட்பாடியிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் வேடமேற்பு விளையாட்டுகளுக்குத் தமிழில் ஒரு தேர்வுக் கையேடு எழுதி வருகிறோம். முதல் இயலே ஹீலராக, அதாவது குழுவினர் இழந்த உயிரை நிரப்புபவராக, ஆட விரும்புகிறவர் எந்த விளையாட்டை எடுக்கலாம் என்பதுதான். அதன் தலைப்பிலேயே சொல் இடறுகிறது. வரைவில் 'குணப்படுத்துநர்' என்று வைத்து, மற்றவர்களின் வலுவைக் கூட்டும் சப்போர்ட்டையும் அதற்குள்ளேயே அடக்கியிருக்கிறோம்.

அதில் சிக்கல் இருக்கிறது. குணப்படுத்துநர் என்பது 9 எழுத்து. போன் திரையில் குழுப் பட்டியலின் சிறிய கட்டத்துக்குள் அது அடங்காது. வினையாக்கினால் இன்னும் நீள்கிறது: 'தொடர்ந்து குணப்படுத்தப்படுவார்' என்று ஒரு திறன் குறிப்பில் எழுதினால் பாதி வரி போய்விடும். 'மருத்துவர்' என்றால் சுருக்கம்தான். ஆனால் வேலூரில் அந்தச் சொல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். விளையாட்டில் இந்த வேலையைச் செய்பவர்களோ பூசாரி, பாணர், வீரத்துறவி என்று பல வேடத்தவர்.

கையில் இருக்கும் மாற்றுகள்: ஆற்றுநர், நலமூட்டி, தேற்றுநர். எது நிற்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து

வணக்கம் தம்பி. மூன்றையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆற்றுநர் அழகான சொல். புண் ஆறுகிறது, ஆற்றுகிறார், எல்லாம் சரி. ஆனால் ஒரு திறனைப் பயன்படுத்தியபின் அடுத்த முறைக்குக் காத்திருக்கும் கூல்டவுனுக்கு நம் வரைவில் 'ஆறும் நேரம்' என்று ஏற்கெனவே வைத்தாயிற்று. 'ஆற்றும் திறன் ஆறும் நேரம் 30 நொடி' என்று ஒரே வரியில் வந்தால் படிப்பவர் திணறுவார். சண்டை நடக்கும்போது ஒரு கண் வீச்சில் புரிய வேண்டிய வரி அது. 'கடமை ஆற்றுதல்' வேறு குறுக்கே வரும்.

நலமூட்டி கருவியின் பெயர்போல ஒலிக்கிறது. உயிர் அளவை 'நலப்புள்ளி' என்று எழுதுவோரும் உண்டு, அதோடும் மோதும்.

தேற்றுநர் என்பதே என் விருப்பம். நம் பக்கத்தில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவரை 'உடம்பு தேறிச்சா?' என்றுதான் கேட்பார்கள். ஏறு, ஏற்று, மாறு, மாற்று, அதே வழியில் தேறு, தேற்று. இந்த இணை ஆட்டத்துக்கு மிகவும் தேவை. சண்டைப் பதிவில் 'அவர் 4,000 தேறினார்' என்றும் வரும், 'இவர் அவரை 4,000 தேற்றினார்' என்றும் வரும். செயப்பாட்டு வினை இல்லாமலே இரண்டையும் எழுதிவிடலாம். எழுத்தும் 5தான்.

இன்னொரு நன்மை: 'தேற மாட்டார்' என்ற வழக்கு நம்மிடம் முன்பே இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சாகக் கிடக்கும்போது யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்று ஹீலர் அரை நொடியில் முடிவெடுக்கிறாரே, அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு இல்லை.

ராணிப்பேட்டையிலிருந்து

ஐயா சொன்ன தேற்றுநரை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் சப்போர்ட்டை அதற்குள் அடக்குவதை ஏற்க முடியாது. அடக்கினால் கையேடே தவறான விளையாட்டைக் காட்டிக்கொடுக்கும். ஏன் என்பதை விளையாட்டுகளை வைத்தே பார்ப்போம்.

1999இல் வந்த எவர்குவெஸ்ட்டில் கிளெரிக் வேடத்தின் பெரிய மந்திரத்தை முடிக்க 10 நொடி ஆகும். அதனால் பல கிளெரிக்குகள் வரிசை வைத்து, ஒருவர்பின் ஒருவராகத் தொடங்குவார்கள். அடி விழுந்தது, இறங்கிய உயிரை நிரப்பு: வேலை அவ்வளவே. இது கலப்பில்லாத தேற்றல்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் ஐவர் குழு என்றால் எதிரியின் அடியைத் தாங்கும் டேங்க் 1, ஹீலர் 1, தாக்குபவர் 3. இங்கேயே வேடத்துக்கு வேடம் வேலை மாறுகிறது. ரெஸ்டோரேஷன் ட்ரூயிட் சிறு சிறு தொடர் தேற்றல்களை முன்கூட்டியே பலர்மேல் போட்டு வைக்கிறார். ஹோலி பாலடின் ஒருவர்மேல் குறி வைத்துவிட்டால், மற்றவர்களுக்குச் செய்யும் தேற்றலில் ஒரு பங்கு அவருக்கும் போகும். டிசிப்ளின் பிரீஸ்ட்டோ நண்பர்கள்மேல் குறியிட்டுவிட்டு எதிரியை அடிக்கிறார். அந்த அடியே குறியிட்டவர்களுக்கு உயிராகத் திரும்புகிறது. 2023இல் சேர்ந்த ஆக்மென்டேஷன் இவோக்கர் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. மற்றவர்களின் அடியைக் கூட்டுவதுதான் அதன் முதல் வேலை. குழு தேடும் வசதியில் அதைத் தாக்குபவர் இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள், ஹீலர் இடத்தில் இல்லை. நம் வரைவின்படி அதையும் குணப்படுத்துநர் என்று எழுதினால் புதியவர் வரிசையில் தவறான கட்டத்தைத் தட்டுவார்.

ஃபைனல் ஃபேன்டசி 14இல் பிளவு இன்னும் தெளிவு. எண்மர் குழுவில் டேங்க் 2, ஹீலர் 2, தாக்குபவர் 4. அந்த இரண்டு ஹீலரில் ஒருவர் நிரப்புபவர் (ஒயிட் மேஜ், அஸ்ட்ரோலோஜியன்), மற்றவர் கவசம் போடுபவர் (ஸ்காலர், சேஜ்). இரண்டு நிரப்புபவர்கள் சேர்ந்துவிட்டால் பெரிய அடிக்கு முன் போட வேண்டிய கவசம் குறையும். இரண்டு கவசக்காரர்கள் என்றால் ஒருவர் போட்டதன்மேல் மற்றவர் போட்டு ஒன்று வீணாகலாம். எதிரியின் காஸ்ட் பார் (மந்திரம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை) நிரம்பி முடியும் முன்பே அடியைத் தணிக்கும் திறன் விழுந்திருக்க வேண்டும். பார் முடிந்து, வெடிப்பைக் கண்ணால் பார்த்தபின் போட்டால் பயன் இல்லை, ஏனெனில் கணக்கு பார் முடியும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. புதியவர்கள் 'கவசம் போட்டேனே, ஏன் செத்தார்கள்?' என்று குழம்புவது இங்கேதான்.

கில்ட் வார்ஸ் 2 முற்றிலும் வேறு. பெயர்ப் பட்டியலில் ஆளைத் தேர்ந்து தேற்றும் முறை அதில் மிக அரிது. பெரும்பாலும் உங்களைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் நிற்பவர்க்குத்தான் பலன், அதுவும் 5 பேர் வரை. பதின்மர் குழுவை இரண்டு ஐவராகப் பிரித்து, ஒவ்வொரு ஐவருக்கும் குயிக்னஸ் தருபவர் ஒருவர், அலாக்ரிட்டி தருபவர் ஒருவர் என்று வைப்பார்கள். முதலாவது செயல் வேகத்தை 50% கூட்டும், இரண்டாவது திறன்கள் மீளும் வேகத்தை 25% கூட்டும். ஹீலர் இந்த இரண்டில் ஒன்றையும் சேர்த்துத் தருவது வழக்கம். ஐவரில் இருவரும் குயிக்னஸையே தந்தால் அது வலுவில் கூடாது, நேரம்தான் நீளும். அலாக்ரிட்டி இல்லாமல் எல்லோருடைய திறனும் தாமதமாகும். குழு தளர்ந்து தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம், உயிர்ப் பட்டையைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

ஆக வேலை மூன்று: விழுந்த அடியை நிரப்புவது, விழப்போகும் அடியைக் குறைப்பது, நண்பர்களின் வலுவைக் கூட்டுவது. நம் சொற்கள் இதைக் காட்ட வேண்டும்.

ஆம்பூரிலிருந்து

ராணிப்பேட்டை அண்ணன் சொன்னதோடு நம் ஊர் நிலைமையையும் சேர்க்க வேண்டும். சொல்லைப் பிரிப்பது இங்கே இருப்பவர்களுக்கு ஏன் அவசரம் என்பது அதில்தான் விளங்கும்.

ஃபைனல் ஃபேன்டசி 14க்கு ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா ஆகிய இடங்களில் சர்வர் உண்டு, இந்தியாவில் இல்லை. கில்ட் வார்ஸ் 2க்கு வட அமெரிக்கா, ஐரோப்பா இரண்டே. வேலூரிலிருந்து எதைத் தொட்டாலும் தாமதம் இருக்கும். அடி விழுந்தபின் பார்த்து நிரப்பும் வேடத்துக்கு அந்தத் தாமதம் நேரடி இழப்பு: நீங்கள் காணும் உயிர்ப் பட்டையும் பழையது, அழுத்திய பொத்தானும் பிந்திப் போய்ச் சேரும். கவசம் போடுபவர் முன்கூட்டியே திட்டமிட்டு ஆடுவதால் அவ்வளவு பாதிப்பு இல்லை. வலு கூட்டுபவருக்கு அதைவிடக் குறைவு. இந்தத் தேர்வை ஒரே சொல் மூடிவிடக் கூடாது.

வார்கிராஃப்ட்டில் மெனு பொத்தான்மேல் சுட்டியை வைத்தால் 'ஹோம்', 'வேர்ல்ட்' என்று இரண்டு தாமத எண் தெரியும். சண்டைக்குப் பார்க்க வேண்டியது 'வேர்ல்ட்'. காலையில் பார்த்துத் திருப்தி அடையாமல், இரவு 8 முதல் 11 வரை, தெருவே வீடியோ பார்க்கும் நேரத்தில் பாருங்கள். எண் உயரமாக ஆனால் நிலையாக இருந்தால் பழகிக்கொள்ளலாம். 120, 400, 150 மில்லிநொடி என்று குதித்தால் நிரப்பும் வேடம் வேண்டாம்.

நேரமும் உண்டு. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே; அங்கே இரவு 9 என்றால் இங்கே மாலை 5:30. கல்லூரி விட்டு வருபவர்க்கு ஒத்துவரும். மத்திய ஐரோப்பாவின் இரவு 8 மணி குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12:30, கோடையில் 11:30. காலை 8 மணி வகுப்பு இருப்பவர் ஐரோப்பியக் குழுவில் நிலையான ஹீலராகப் பெயர் கொடுக்கக் கூடாது. தாக்குபவர் ஒருவர் வராவிட்டால் குழு சமாளிக்கும். நால்வர் குழுவில் இருக்கும் ஒரே ஹீலர் வராவிட்டால் ஆட்டமே நடக்காது.

கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ஆனால் ரூட்டர் அணைந்துவிடும். ரூட்டருக்கென்று தனியாகச் சிறிய யுபிஎஸ் வைப்பது ஹீலருக்குக் கட்டாயம் என்றே கையேட்டில் எழுதலாம். விடுதி வலையமைப்பில் சில போர்ட்டுகள் அடைபட்டிருக்கலாம் என்பதால், காசு கட்டும் முன் இலவசக் கணக்கில் ஒரு முறை உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது.

போன் மட்டும் இருப்பவர்க்கு ஆல்பியன் ஆன்லைன் உண்டு. 2021 முதல் மொபைலிலும் வருகிறது, ஆசியாவுக்குத் தனி சர்வர் 2023இல் திறந்தது. ஹோலி ஸ்டாஃப், நேச்சர் ஸ்டாஃப் இரண்டும் தேற்றும் கோல்கள். வேடம் என்று தனியாக இல்லை, கையில் எடுத்த கோல்தான் வேடம். சிவப்பு, கறுப்பு மண்டலங்களில் செத்தால் உடைமை பறிபோகும் என்பதைப் புதியவர்க்குத் தடித்த எழுத்தில் சொல்ல வேண்டும். எதிர்க்குழு முதலில் துரத்துவது ஹீலரைத்தான்.

சொல் பற்றி: சப்போர்ட்டுக்குப் 'பக்கபலம்' என்று வைத்தால் என்ன? யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

வாலாஜாவிலிருந்து

தேற்றுநர் சரி. ஆனால் வரைவின் பின்னிணைப்பில், தேவைக்கு மேல் போய் வீணாகும் ஓவர்ஹீலுக்கு 'மிகைத்தேற்றம்' என்று இருக்கிறது. தேற்றம் என்பது கணக்குப் பாடத்தில் பிதாகரசு தேற்றம். பத்தாம் வகுப்பு படித்த எவருக்கும் அதுதான் முதலில் தோன்றும். 'தேற்றல்', 'மிகைத்தேற்றல்' என்று -அல் ஈற்றில் நிறுத்துங்கள், மோதல் போய்விடும்.

விவிலியத்தில் 'தேற்றரவாளன்' இருப்பதால் தேற்று என்றால் ஆறுதல் சொல்வது என்று சிலர் கொள்ளக்கூடும். அது தடையாகாது. உடம்பும் தேறும், மனமும் தேறும். விளையாட்டில் உயிர்ப் பட்டை பக்கத்திலேயே இருப்பதால் குழப்பம் வராது.

மிகைத்தேற்றல் பதிவில் காரணத்தையும் எழுதிவிடுங்கள்: சிறு காயத்துக்குப் பெரிய மந்திரம், இரண்டு ஹீலர் ஒரே ஆளுக்கு ஒரே நொடியில் போடுவது, உயிர் நிறைந்தவர்மேல் தொடர்தேற்றல். கடைசியதை எப்போதும் தவறென்று சொல்ல முடியாது. அடி வரப்போவது தெரிந்து முன்பே போட்டதானால் அது கெட்டிக்காரத்தனம்.

குடியாத்தத்திலிருந்து

தேற்றல் என்ற திருத்தம் சரியானது. பக்கபலம் நல்ல பேச்சுவழக்கு, ஆனால் அது ஆளைக் குறிக்காது. 'பக்கபலர்' என்று இழுத்தால் காது ஏற்காது. 'ஊக்குநர்' எப்படி? ஊக்கு, ஊக்கம், ஊக்கல் என்று கிளைக்கும்.

ராணிப்பேட்டையிலிருந்து

ஐயா, குழு தேடும் பலகையில் ஆளைக் குறிக்கவே வேண்டாம். 'தாங்கி 1, தேற்றுநர் 1, பக்கபலம் 1 தேவை' என்று இடத்தைத்தான் எழுதுவோம். ஊக்குநர் என்றால் பயிற்சியாளர் நினைவு வருகிறது, ஊக்கமருந்தும் பக்கத்தில் நிற்கிறது. ஆளைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பக்கபலமாக ஆடுபவர்' என்று விரித்து எழுதலாம். அது எப்போதாவதுதான் வரும்.

கவசம் போடும் ஹீலருக்குக் 'காப்புத் தேற்றுநர்', நிரப்புபவருக்கு 'நேர்த் தேற்றுநர்'. நண்பர்மேல் போட்டு வலுவைக் கூட்டும் பஃப் என்பதற்கு 'ஏற்றம்', எதிரிமேல் போடும் டீபஃப்புக்கு 'இறக்கம்'. கில்ட் வார்ஸ் 2இல் குயிக்னஸ், அலாக்ரிட்டி போன்ற பூனுக்கு மட்டும் 'வரம்' என்று வையுங்கள். அங்கே அது தனி வகை, எல்லா ஏற்றமும் வரமாகாது.

காட்பாடியிலிருந்து

நன்றி. இயலின் தலைப்பு இனி 'தேற்றுநரும் பக்கபலமும்'. குணப்படுத்துநர் எல்லா இடத்திலும் நீக்கப்படுகிறது. டேங்குக்குத் 'தாங்கி' யாரும் மறுக்கவில்லை, அது நிற்கும்.

பதிவின் அடியில் சோதித்துப் பார்க்கும் வழியை இப்படி எழுதியிருக்கிறோம்: ஃபைனல் ஃபேன்டசி 14இன் இலவசச் சோதனைக் கணக்கில் கிரிடானியா நகரில் கான்ஜுரர் என்ற தொடக்கத் தேற்றும் வேடத்தில் தொடங்குங்கள். 15ஆம் நிலையில் சஸ்தாஷா குகை திறக்கும். முதலில் டியூட்டி சப்போர்ட் வசதியில் கணினித் துணைவர்களோடு ஒரு முறை, பிறகு மனிதர்களோடு ஒரு முறை. எஃப்1 முதல் எஃப்8 வரையிலான விசைகளால் குழுவினரைத் தேர்ந்து பழகுங்கள், சுட்டியால் ஆளைத் துரத்த வேண்டாம். எல்லோர் உயிரும் நிறைந்திருக்கும்போது எதிரியை அடியுங்கள்; சும்மா நிற்கும் தேற்றுநரை அந்த ஆட்டத்தில் யாரும் விரும்ப மாட்டார்கள். 30ஆம் நிலையில் கான்ஜுரர் ஒயிட் மேஜ் ஆகலாம். சோதனைக் கணக்கு 70ஆம் நிலை வரை போகும், ஆனால் சேஜ் அதில் கிடையாது, தானே குழு அமைக்கவும் முடியாது. அதே கணக்கில் காசு கட்டி முழு ஆட்டத்துக்குப் போனால் சோதனைக்குத் திரும்ப முடியாது என்பதையும் சேர்த்துள்ளோம்.

ஒரு சொல் மட்டும் மிச்சம்: விழுந்தவரை, இறந்தவரை எழுப்பும் ரெஸ். வரைவில் 'உயிர்ப்பி' இருக்கிறது. ஆனால் கில்ட் வார்ஸ் 2இல் விழுந்து கிடந்தபடியே போராடுபவரைக் கைகொடுத்து எழுப்புவதும், முழுதாக இறந்தவரை மீட்பதும் வேறுவேறு. முதலாவதுக்குத் 'தூக்கிவிடு' என்று வைக்கலாமா? ஃபைனல் ஃபேன்டசியின் ரெய்ஸை உயிர்ப்பி என்றே விடலாம். 8 நொடி நின்று செய்யும் மந்திரத்துக்கு அந்தக் கனம் பொருந்தும். தூக்கிவிடு பற்றி மறுப்பு இருந்தால் ஒரு திறன் குறிப்பாகவே எழுதி அனுப்புங்கள், வரியில் போட்டுப் பார்க்கிறோம்.